ஒரு முழம் தள்ளி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், சைக்கிளை ஒரு முழத்துக்குள் உரசிக்கொண்டு முந்தும் வண்டியின் டிரைவர் அந்தச் சைக்கிளுக்கு வந்துவிடுவார். சைக்கிளில் இருந்தவர் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார். ஊர் போய்ச் சேரும்வரை இறங்க முடியாது. இடையில் மறுபடி ஓர் உரசல் நடந்தால் மறுபடி இடம் மாறும். அதற்காக யாரும் உரசாமல் இருந்ததில்லை. அவரவர் அவசரம் அவரவர்க்கு. வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டு வேறொருவர் திரும்பி வந்தால், முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பேர் கேட்பார்கள்.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு இந்தச் சாலையால் இரண்டு வருஷம் வீணாய்ப் போனது. கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடவும் வேண்டிய போட்டி அது. பத்தரை மணிக்குள் அவளுடைய 417ஆம் எண் சைக்கிள் திருச்செந்தூரில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். முதல் வருஷம் அவள் மீன் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். சைக்கிள் மீன்காரரோடு மத்தியானம் வந்தது. மறுவருஷம் கல்யாண வேன். மூன்றாவது முறையும் தவறினால் அப்புறம் பேர் எழுத மாட்டார்கள்.

இந்த வருஷம் நீச்சலில் அவளை அடிக்க ஆளில்லை. ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏறினாள். முத்தையாபுரம் தாண்டுவதற்குள் முழங்கையில் சூடான காற்று பட்டது. அடுத்த மூச்சை ஒரு காருக்குள் விட்டாள்.

பக்கத்து சீட்டில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா, மடியில் மொட்டை போடக் கொண்டுபோகும் குழந்தை. பேர் சொர்ணக்கிளி என்று அவளே சொன்னாள்.

“வந்துட்டியா தாயி? ஏசிய கொஞ்சம் கொற. அவிய எப்பவும் கூட்டித்தான் வைப்பாவ.”

“அண்ணாச்சிக்கு சைக்கிள் ஓட்ட வருமாக்கா?”

“மாசம் ரெண்டு தடவ ஓட்டுதாவளே. வயிறு நல்லா கொறஞ்சிருக்கு.”

கண்ணாடியில் அண்ணாச்சி தெரிந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து மிதித்து வந்தார். சைக்கிள் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று ஜெசிந்தா அவரை முன்னால் போகவிட்டாள். பழையகாயலில் ஒரு பஸ் அவரை உரசியது. உடனே அண்ணாச்சி பஸ்ஸோடு ஹாரன் அடித்தபடி பறந்தார். சைக்கிளில் இப்போது காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் இசக்கியப்பன். அந்த ரூட்டில் அவரைத் தெரியாத சைக்கிள்காரர் கிடையாது.

“இப்ப பஸ்ஸுல போறாவ,” என்றாள் சொர்ணக்கிளி. “நமக்கு முந்திப் போயி மொட்டைக்கு எடம் புடிச்சிருவாவ.”

ஆத்தூர்ப் பாலத்தில் இசக்கியப்பனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் எது வந்தாலும் பயந்து சைக்கிளை ஓரத்து மண்ணில் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். மணி ஒன்பது ஐம்பது. இந்த லட்சணத்தில் போனால் பன்னிரண்டாகிவிடும்.

“லேசா ஒரசு தாயி, நீ சைக்கிளுக்குப் போயிரலாம். உன் சைக்கிள்தான, யாரு கேக்கப் போறா?”

ஜெசிந்தா ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். காரின் மூக்கு அவரை நெருங்கியது. அப்போது அவருடைய முழங்கை உள்ளே ஒடுங்குவதைப் பார்த்தாள். ஆறு வருஷமாக இந்த ரோட்டில் மிதிக்கும் அவள் முழங்கையும் அப்படித்தான் ஒடுங்கியிருக்கிறது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டி போனால் போகட்டும், இதைச் செய்ய என்னால் ஆகாது என்று பிரேக்கை மிதித்தாள்.

நாலு முழம் பின்தங்கி, யாரும் முந்த முடியாதபடி நடுரோட்டில் காரை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் லாரியும் வேனும் ஹாரன் அடித்துத் தீர்த்தன. குழந்தை கைதட்டியது.

இசக்கியப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். உரச எதுவும் வரவில்லை என்று நம்பிக்கை வந்ததும் முதுகை நிமிர்த்தினார், மண்ணைவிட்டுத் தாருக்கு வந்தார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார் பாருங்கள்! ஆறுமுகநேரியில் கார் மூன்றாவது கியருக்குப் போனது. காயல்பட்டினத்தில் ஐந்தாவது. சொர்ணக்கிளி ஜன்னலை இறக்கி, “அப்படிப் போடு!” என்று கத்தினாள்.

பத்து இருபத்தெட்டுக்குச் சைக்கிள் கோட்டைத் தாண்டியது. நோட்டுப் புத்தகத்தோடு நின்றவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

“சைக்கிள் வந்தாச்சு. ஓடுதது யாரு?”

இசக்கியப்பன் இறங்கி, சைக்கிளில் கட்டியிருந்த எண் அட்டையை அவிழ்த்து ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“இருவது வருசமா இந்த ரோட்டுல ஓட்டுதேன்மா. பின்னால வாரவன் எடம் விட்டா இம்புட்டு சொகமா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவள் அட்டையைக் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினாள். முடிவுக் கொடிக்கு நூறடி இருக்கும்போது, ஓர் அலை ஒரு முழத்துக்குள் அவளை உரசிக்கொண்டு முந்தியது. அவள் இடத்தில் எண் அட்டையோடு அலை ஓடியது. நன்றாகவே ஓடியது. அது கொடியைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில், “நானூற்றுப் பதினேழு, ஜெசிந்தா!” என்றார்கள். அலைக்கு மெடல் போட்டு, குடிக்க இளநீர் கொடுத்தார்கள்.

அலையாய்க் கடலில் கிடந்த ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நுரைத்துக்கொண்டு கரையைப் பார்த்து வந்தாள். அங்கே இசக்கியப்பன் காக்கிப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கால் நனைக்க நின்றிருந்தார். அவள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு ரெண்டடி பின்னால் ஒதுங்கி, “நீங்க போங்கம்மா,” என்று கையைக் காட்டினார்.