மிஸி எழுதிய தேதி

புனிதவதி கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள். அவளுடைய பிரிக்பீல்ட்ஸ் வீடு வரை வந்து அழைத்தவன் வேலாயுதம். “வெள்ளிக்கிழமை அப்பாவுக்குத் திதி, மிஸி. கண்டிப்பா வரணும் லா. அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க.”

அவன் அப்பா நாகையா, யுத்தத்தின்போது ரப்பர் தோட்டத்திலிருந்து இந்திய விடுதலைப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். அங்கே அவருக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் புனிதவதி. அவர் இறந்த செய்தியை எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அந்தத் தாளில் இருந்த பெயரை வைத்துத்தான் முப்பத்து மூன்று வருடம் கழித்து அவளைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். யுத்தம் முடிந்த பிறகும் இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக, எல்லாருக்கும் மிஸியாக இருந்தவளுக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது? ஏனோ வாய் வரவில்லை.

நாகையாவின் மனைவி மாரியாயி வாசலுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்தக் கைதானே அவருக்குக் கடைசியா தண்ணி குடுத்துச்சு!”

படையல் முடிந்ததும் முதல் இலையைப் புனிதவதிக்குப் போட்டாள். “பெத்த பிள்ளைக்குக்கூட அப்புறம்தான். உக்காரு மிஸி.”

இலையில் சோறு விழுந்தது. புனிதவதிக்கு அதைத் தொடக் கை வரவில்லை.

“அக்கா, அவரு இந்த நாள்ல சாகல.”

மாரியாயி கரண்டியும் கையுமாக நின்றாள்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தாளில் இருந்தது பின்வாங்கும் உத்தரவு வந்த நாள். நடக்க முடிந்தவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். தொடை அழுகிப்போன நாகையாவால் எழுந்திருக்க முடியவில்லை. தலைமாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு அவள் லோரியில் ஏறினாள். பிறகு வீட்டாருக்குத் தாள் எழுதியபோது, தேதிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார் அதிகாரி. நாகையாவோடு சேர்த்து விட்டுவந்த பதினொரு பேருக்கும் கிளம்பிய நாளையே போட்டாள். அதை வைத்துத் திதி பார்த்துச் சோறு படைக்க ஒருத்தி இருப்பாள் என்பது இருபது வயதுப் பெண்ணுக்கு உறைக்கவில்லை.

“அப்ப உயிரோட இருந்த நாள்லயா இத்தனை வருசமா திதி குடுத்தோம்?” என்று வேலாயுதம் எகிறினான். மாரியாயி அவனைக் கையமர்த்தினாள்.

“எப்ப செத்தாரு?”

“தெரியாதுக்கா.”

“ஒன்னைக் கூப்பிட்டாரா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னொரு பொய் எழுத அவளுக்குத் தெம்பு இல்லை.

“கூப்பிட்டாரு. லோரி கிளம்பற வரைக்கும் கூப்பிட்டாரு. நான் திரும்பிப் பாக்கல.”

மாரியாயி ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது புனிதவதிக்கு. மாரியாயியோ குனிந்து, சோற்றோடு அந்த இலையை மடித்து எடுத்தாள். விருந்தாளிக்கு முன்னால் போட்ட இலையை எடுப்பதைவிடப் பெரிய அடி கிடையாது. புனிதவதி எழுந்துகொண்டாள்.

“நில்லு. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையிலதான் குடுக்கணும். ஆடி அமாவாசைக்கு வா.”

“வரேன்க்கா.”

“சாப்பிட இல்ல.” அப்போதுதான் மாரியாயியின் குரல் உடைந்தது. “மத்தவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“பத்துப் பேரோட பேரும் இருக்கு.”

“அப்ப விடியறதுக்குள்ள வந்துரு. பதினோரு இலைக்குச் சமைக்கணும்.”