வேண்டாம் என்றான் ஹூமன்

மழை பெய்தால் வீட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே ஈரானின் ராஷ்த் நகரத்துப் பிள்ளைகளுக்கு வராது. வந்தால் வருஷத்தில் பாதி நாள் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. புத்தகக் கடையின் மாடி அறையில் போட்டிருந்தது அறுபது நாற்காலி, வந்தது நூறு பிள்ளைகள். தகரக் கூரையில் மழை ஒரு பக்கம், கீழே இவர்கள் ஒரு பக்கம். எல்லார் கையிலும் ‘ஒன்பது பாலங்களின் நாடு’.

அந்தத் தொடர்கதையை எழுதிய தூபா மேடையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, நாலு பாகம் எழுதிய கை, இன்னும் கூட்டத்தைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும். அன்று வேர்த்ததற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. ஐந்தாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், அவள் மடியில் இருந்த பையில் இருந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் பாலங்களின் ராணி கிரீடத்தை நீட்டுகிறாள். கதாநாயகன் ஹூமன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் வாத்துகளிடம் திரும்பிப் போகிறான். பதிப்பாளர் ஷாபூருக்கு இந்த முடிவு தொண்டையில் முள். கிரீடம் வைத்த தலையோடு அட்டைப்படமே வரைந்து வாங்கிவிட்டார் மனுஷன்.

டெஹ்ரானிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் இதே சண்டைதான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். படிக்கிற பிள்ளைகளையே கேட்பது. அவர்கள் தூபாவின் முடிவை ஒப்புக்கொண்டால் அப்படியே அச்சுக்குப் போகும். இல்லையென்றால் ராத்திரிக்குள் அவள் மாற்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒன்பது வருஷமாக இந்த முடிவை நோக்கித்தான் அவள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை நூறு வாண்டுகளிடம் பணயம் வைத்தாயிற்று.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஹூமனைப் போல ஒரு நாயகனை யார் எழுதியிருக்கிறார்கள்? வாத்து மேய்க்கிறவரின் மகன். சாகசம் என்றாலே அவனுக்குப் பயம். ஒவ்வொரு பாகத்திலும் நாரை ஒன்று பறந்து வந்து, பாலம் இடிகிறது, நீதான் வரவேண்டும் என்று கூப்பிடும். அவன் வேண்டாம் என்பான். வேறு வழியே இல்லாமல்தான் போவான். பத்திரிகைக்காரர்கள் அவனை முதுகெலும்பில்லாதவன் என்று எழுதினார்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று தூபா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஷாபூர் மைக்கைத் தட்டினார். “யாருக்கு என்ன தோணுதோ சொல்லலாம். திட்டணும்னாலும் திட்டலாம், சித்தி கோவிச்சுக்க மாட்டாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, நாற்பது கை எழுந்தது. முதலில் மைக்கைப் பிடுங்கியவன் ஆர்தின், பத்து வயது, வாயில் வால்நட் இனிப்பு ரொட்டி.

“சித்தி, எனக்கு ஹூமனை ரொம்பப் பிடிக்கும். எங்கம்மாவுக்கு அதைவிடப் பிடிக்கும். அவனைப் பார்த்துக் கத்துக்கோன்னு தினம் என் உயிரை வாங்குறாங்க.”

தூபாவுக்கு உச்சி குளிர்ந்தது. “அப்படியா! எதைக் கத்துக்கச் சொல்றாங்க?”

“மரியாதையை! நாரை வந்து கூப்பிட்டதும் பேயா பறக்க மாட்டான். ஒரு தரம் வேணாம்பான். ரெண்டு தரம் வேணாம்பான். மூணாந்தரமும் வேணாம்பான். நாலாந்தரம்தான் கிளம்புவான். நல்ல வளர்ப்பு சித்தி! நான் போன வாரம் மாமா வீட்டுல முதல் தரமே கேக்கை எடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து செம அடி.”

அறையே சிரித்து ஆமாம் போட்டது. “நாலு பாகத்துலயும் மூணு மூணு தரம், நான் எண்ணிட்டேன்!” என்று ஒரு பெண் எழுந்து கத்தினாள். இரண்டாம் பாகத்தில் நாரை மூன்றாவது தரம் கொஞ்சம் அவசரமாகக் கேட்டுவிட்டது, அது மரியாதையில்லை என்று இன்னொருவன் குறை சொன்னான். அதெல்லாம் இல்லை, பாலம் இடியும்போது அவ்வளவுதான் முடியும் என்று நாரைக்குப் பரிந்துகொண்டு ஒரு கோஷ்டி கிளம்பியது. மைக் கை மாறிக் கை மாறிப் பறந்தது.

தூபா பேயறைந்தாற்போல உட்கார்ந்திருந்தாள். மூணு தரமா? அவசரமாக முதல் பாகத்தைப் புரட்டினாள். மூணு தரம். இரண்டாம் பாகம், மூணு தரம். பயந்து நடுங்கி ஒருவன் உண்மையாகவே மறுப்பதாகத்தான் அவள் எழுதினாள். ஆனால் பிறந்ததிலிருந்து டீக்கும் பழத்துக்கும் மூணு தரம் வேண்டாம் சொல்லியே வளர்ந்தவளின் கை, தன்னால் மூணு தரம் எழுதிவிட்டிருக்கிறது. இந்தத் தேசத்தில் மூணு தரம் சொன்ன வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! உபசாரத்துக்குச் சொல்வது அது, தாரோஃப். கொடு என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக ஒரு கோழையை எழுதுவதாக நினைத்துக்கொண்டு அவள் ஒரு நாகரிகமான பையனை எழுதியிருக்கிறாள்.

ஷாபூருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கண்ணில் விளக்கெரிந்தது. “சரி பசங்களா, ஒரு ரகசியம். கடைசிப் பாகத்துல ராணி கிரீடத்தைக் குடுக்குறாங்க. ஹூமன் வேணாம்கிறான். எத்தனை தரம்?”

“மூணு!” கூரை அதிர்ந்தது.

“அதுக்கப்புறம் ராணி, சரி போயிட்டு வான்னு அனுப்பிடுறாங்க.”

 அப்புறம் வெடித்தது பாருங்கள்!

“என்னது? நாலாந்தரம் கேக்கவே இல்லையா?”

“என்ன கஞ்ச ராணி சித்தி இவ!”

“அவனுக்கு எவ்ளோ அவமானம்! பாவம், வாங்கிக்கலாம்னு கை நீட்டியிருப்பான்!”

“எங்களுக்கு யாராவது இப்படிப் பண்ணினா எங்கப்பா அவங்க வீட்டு வாசலையே மிதிக்க மாட்டாரு!”

ஷாபூர் தூபாவின் பக்கம் குனிந்தார். “கேட்டீங்கள்ல? ஒரே ஒரு வரி சேர்த்தா போதும். நாலாந்தரம் ராணி கேக்குறா, இவன் தலையைக் குனியறான். அட்டைப்படமும் பொருந்திடும்.”

“அவனுக்கு நிஜமாவே வேணாம் ஷாபூர் சார்.”

“அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்? படிக்கிறவனுக்குத் தெரியலையே. வாக்கு குடுத்திருக்கீங்க.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் தூபாவுக்கு வயிற்றெரிச்சல். நிஜமாக வேண்டாம் என்று இந்த மொழியில் எப்படித்தான் சொல்வது? நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அதுவே பெரிய உபசாரம். அஞ்சு தரம் சொன்னால் ரொம்ப உசத்தியான குடும்பம் என்பார்கள். அவள் மேஜையில் இருந்த டப்பாவுக்குள் கையை விட்டாள். எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்கள் கருத்தை எழுதிப் போட வைத்த டப்பா அது. ஏதாவது ஒரு பிள்ளை தன் கட்சியில் இருக்காதா என்ற நப்பாசை. அட்டைப்படம் சூப்பர், வாத்துப் பெயர்கள் சூப்பர், ஹூமன் தங்கமான பையன், ராணிக்குக் கல்யாணம் ஆயிற்றா. ஒன்பதாவது சீட்டில் பென்சில் எழுத்து கோணல்மாணலாக ஓடியது. தூபா அதை எடுத்து மைக்கில் வாசித்தாள்.

“ஹூமன் சும்மா சொல்லவில்லை. அவனுக்குப் போகவே பிடிக்கவில்லை. அவனுக்குக் கை நடுங்குகிறது என்று போட்டிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. பெரியம்மா வீட்டில் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டில் போடுவார்கள். நான்காவது தரம் அழுகையாக வரும், ஆனால் சாப்பிடுவேன். நாலு பாகத்திலும் அவன் கத்தரிக்காய் சாப்பிடுகிறான். ஒரு பாகத்திலாவது அவன் சொல்வதை யாராவது நம்பினால் நன்றாக இருக்கும். தர்லான், ஐந்தாம் வகுப்பு.”

தூபா சீட்டைத் தனக்குள் இன்னொரு தரம் படித்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, எழுந்து குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

“யாரும்மா தர்லான்?” ஷாபூர் கழுத்தை நீட்டினார். “மேடைக்கு வா, வந்து பேசு!”

கடைசி வரிசையில், நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் நாற்காலிக்குள் ஒடுங்கினாள். “வேணாம்.”

“அட வாம்மா!” பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்தார்கள். “உபசாரம் பண்ணாதே, போ!”

“வேணாம்.”

அவளுடைய அம்மா எழுந்தே விட்டாள். மகளின் தோளைத் தள்ளிக்கொண்டு மேடையைப் பார்த்துச் சிரித்தாள். “வருவா, வருவா, கொஞ்சம் கூச்ச சுபாவம். எழுந்திருடி, எத்தனை தரம் கூப்பிடுவாங்க!” அறை முழுக்கக் கை தட்டி, தர்-லான், தர்-லான் என்று தாளம் போட ஆரம்பித்தது. எல்லோரும் ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள், அதுதான் கொடுமை. பெண்ணின் கை மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

தூபா மைக்கைப் பிடித்தாள். “போதும்! வேணாம்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். உட்காருங்கம்மா.”

தாளம் பாதியில் நின்றது. இப்படி ஒரு பேச்சை அங்கே யாரும் கேட்டதில்லை. தூபாவுக்கே தான் சொன்னது காதில் விழுந்தபோதுதான் பொறி தட்டியது. ஒன்பது வருஷமும் வேண்டாம் சொல்கிறவனையே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாளே, கேட்கிறவளை அல்லவா மாற்றியிருக்க வேண்டும்! அவள் பையிலிருந்து கடைசி அத்தியாயத்தை உருவினாள். பேனாவால் ராணியின் இரண்டாவது கேள்வியை அடித்தாள், மூன்றாவதை அடித்தாள். கை பறந்தது.

“கேளுங்க,” என்றாள். மூச்சு வாங்கியது. “ராணி கிரீடத்தை நீட்டினாள். வேண்டாம் என்றான் ஹூமன். சரி என்றாள் ராணி.”

ஆர்தினின் வாய் ரொட்டியோடு திறந்தபடி நின்றது. “சரின்னுட்டாளா? முதல் தரத்துலயேவா?”

“முதல் தரத்துலயே.”

“அப்ப அவன் என்ன பண்ணுவான்?”

அது தூபாவுக்கே தெரியவில்லை. பழைய பக்கத்தில் இருந்ததெல்லாம் இதற்கு ஒத்துவராது. அவள் விழித்துக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையிலிருந்து, மைக் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கிளம்பியது.

“அவன் நம்ப மாட்டான்!” தர்லான்தான். “ராணி மறுபடி கேப்பான்னு அங்கேயே நிப்பான். ரொம்ப நேரம் நிப்பான்.”

“கேப்பாளா?” என்றது ஒரு பொடிசு, நகத்தைக் கடித்துக்கொண்டு.

“கேக்க மாட்டா. கிரீடத்தைப் பெட்டியில வெச்சு மூடிடுவா. அப்பத்தான் அவனுக்குப் புரியும். அப்புறம் ஓடுவான்! ஒன்பது பாலத்தையும் நிக்காம ஓடுவான், கத்திக்கிட்டே ஓடுவான்!”

நூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நாற்காலி சரிந்தது, டீக் கோப்பை உருண்டது. ஆர்தின் நாற்காலிமேல் ஏறி நின்று கையை விரித்து வாத்து மாதிரிக் கத்தினான். “நிஜமாவே வேணாம்னுதான் சொன்னானா! நாலு பாகத்தையும் மறுபடி படிக்கணுமே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், எண்ணி வைத்திருந்த பெண். ஷாபூர் அட்டைப்படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிரீடத்தைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு தூபாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எழுதிக் குடுங்க,” என்றார். “இப்பவே.”

தூபா மேடையை விட்டு இறங்கினாள். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய், தர்லானின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்தாள்.

“நீ சொன்னதை அப்படியே எழுதப் போறேன். புத்தகத்துல உன் பேரையும் போடட்டுமா?”

 மகள் என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அம்மா அதற்குள் தயாராகிவிட்டிருந்தாள். ஐயோ, அதெல்லாம் எதுக்கு, உங்க பெருமைக்கு முன்னால இவ எம்மாத்திரம் என்று உதடுவரை வந்தும் விட்டது.

“போடுங்க,” என்றாள் தர்லான்.

“ஐயையோ!” அம்மா கன்னத்தில் அறைந்துகொண்டாள். “முதல் தரத்துலயேவாடி?”