பசி என்று கேட்டது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு காதும் அறுந்து விழட்டும். விழுந்தால் பெரிய நஷ்டமுமில்லை.

என் மனைவி படுத்த படுக்கையாகிக் குரலும் தேய்ந்திருந்த சமயம். சாயங்காலமானால் போதும், "இந்தாங்க, பசியா இருக்கு" என்பாள். நான் சமையலறைக்கு ஓடி, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்து ஊட்டுவேன். வாயைத் துடைத்த கையோடு மறுபடியும், "பசியா இருக்கு." மறுபடியும் ரொட்டி. ஊட்டி ஊட்டி அவள் பெருத்ததில் கட்டில் கால் தரையைத் துளைத்து இறங்க, கீழ்வீட்டுக்காரர் அதில் சட்டையை மாட்டிக்கொண்டார்.

என் காதின் மேல் மகளுக்குச் சந்தேகம். தெருமுனைச் சுகாதார நிலையத்தில் வயதானவர்களுக்குக் காது பரிசோதனை என்று கேள்விப்பட்டு, என்னைத் தள்ளாத குறையாக அழைத்துப் போனாள்.

நர்ஸ் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க தாத்தா" என்றாள். தூக்கினேன்.

"நான் இன்னும் மிஷினையே போடலை!"

"முன்கூட்டியே தூக்கி வச்சேம்மா. உனக்கு வேலை மிச்சம்."

சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்து அறையில் ஊசிக்குக் காத்திருந்தவர்களெல்லாம் கையைத் தூக்கினார்கள். நான் அசையவில்லை.

பிறகு வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பசி" என்றேன்.

அட்டையை இறக்கினாள். "இல்ல தாத்தா, பயம். ரெண்டு தடவை உதடு ஒட்டுது பாருங்க. பசிக்கு ஒரு தடவைதான்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "எத்தனை தடவைப்பா சொன்னேன்! அம்மா பயமா இருக்குங்கறாங்க, பக்கத்துல உட்காருங்கன்னு. அதுக்கும் நீங்க ரொட்டிதானே எடுத்துட்டு வந்தீங்க?"

"இதுக்கு ஏதாவது பண்ணலாமா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"காதுக்கு மிஷின் வைக்கலாம் தாத்தா. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கைக்கு வர மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் அவ பயந்துகிட்டே படுத்திருக்கணுமா?"

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடிக் கட்டிலருகே உட்கார்ந்து, மனைவியின் உதட்டையே பார்த்தேன். சொன்னாள். உதடு ஒட்டிற்று. உடனே மறுபடியும் ஒட்டிற்று. நான் சமையலறைக்குப் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டிய பிறகும் விளக்குப் போட எழுந்திருக்கவில்லை.

இப்போது என் காது அறுந்து விழலாம்: அந்தக் காது பரிசோதனை எங்கள் தெருவுக்கு வந்தது, அவள் இறந்த மறுவருஷம்.