சாட்சிக் கையெழுத்துக்காக ஒரு கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கியத்துக்காகப் பிறந்ததல்ல, ஒரு கையெழுத்துக்காகப் பிறந்தது. உடல் உறுப்பு தான அட்டையில் என் பெயரை எழுதிவிட்டேன். கீழே நெருங்கிய உறவினர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். என் மனைவி கணக்கு டீச்சர்; ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வேறு எடுக்கிறாள். பேனாவை நீட்டினேன்.

"இப்ப போட்டுடலாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆகுற அன்னைக்கு ஆஸ்பத்திரியில மறுபடி என்கிட்டதானே வந்து கேப்பாங்க? அன்னைக்கு எனக்கு எப்படி இருக்கும்னு எழுதிக் காட்டுங்க. கதை விடுறதுதானே உங்க தொழில்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மூளைச்சாவு என்று மருத்துவர் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்திட்டாள்.'

சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "பார்சல் வாங்குற மாதிரி போட்டுட்டா? நடுவுல உள்ள படியெல்லாம் எங்க? மார்க் கிடையாது."

இரண்டாவது: 'லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூளையில் ரத்தம் கசிந்து மூன்று நாளாகிறது. செயற்கை சுவாசக் கருவியால் மார்பு ஏறி இறங்கியது. மனைவி அவர் கையைப் பிடித்தாள். அது சூடாக

(இங்கே நிறுத்திவிட்டேன். சூடான கையை வைத்துக்கொண்டு மேலே எப்படிப் போவது?)

அவளும் அந்த இடத்தைத்தான் பிடித்தாள்.

"கை சூடா இருக்குமா?"

"இருக்கும்."

"நெஞ்சு அடிக்குமா?"

"மெஷின் காத்து குடுத்தா கொஞ்ச நாள் அடிக்கும்."

"அப்ப செத்துட்டார்னு எதை வெச்சு நம்புறது? உயிரோட இருக்கிற மனுசனை அறுக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டா, அது கொலைங்க. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போய் என்னன்னு சொல்வேன்?"

நான் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

3

அவள் தம்பி கத்தோலிக்கக் குருவானவர். போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம்.

"தம்பி, அந்த மெக்கானிக்குக்கு நீ வந்து எண்ணெய் பூசுவியா?"

"எந்த மெக்கானிக்?"

"உங்க அத்தான் சாகடிக்கப் பார்க்கிற மெக்கானிக்."

(அடிக்குறிப்பு மாதிரி: நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்னும் அருள்சாதனம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். இறந்தவருக்குச் செபம் உண்டு, எண்ணெய் கிடையாது. இது தெரியாமல், அடுத்த காட்சிக்கான என் குறிப்பில் எண்ணெயையும் படிவத்தையும் ஒரே மேசையில் வைத்திருந்தேன்.)

"உயிர் இருக்கோன்னு சந்தேகம் இருந்தா பூசுவேன்க்கா."

"சந்தேகம் இருந்தா உறுப்பை எடுக்கலாமா?"

"கூடவே கூடாது. திருச்சபை அதுல கறார்."

"அப்ப நீ எண்ணெய்ச் சிமிழைத் திறந்தா, நான் பேனாவை மூடணும்."

மறுமுனையில் இருமல். (குருமடத்தில் இவள் படிக்காதது அங்கிருந்த பேராசிரியர்களின் அதிர்ஷ்டம்.)

"அக்கா, ஆன்மா பிரியுறதை அளக்கக் கருவி கிடையாது. உடம்புல தெரியுற அடையாளத்தைத்தான் டாக்டர் பார்க்கிறார். மூளை முழுசா, இனி திரும்பாதபடி நின்னுடுச்சுன்னு ஒழுங்கா சோதிச்சு உறுதி ஆச்சுன்னா, அதைச் சாவுன்னு ஏத்துக்கலாம். நம்மாளுங்கள்லயே ஒத்துக்காதவங்களும் உண்டு. நம்பிக்கை இருக்கிறப்பவே என்னைக் கூப்பிடு, பூசுறேன். உறுதியானப்புறம் சிமிழ் பையிலயே இருக்கும், பக்கத்துல நின்னு செபம் சொல்லுவேன். குடுத்தா அது அன்பு. குடுக்கலேன்னா பாவம் இல்ல. யாரும் உன்னை நெருக்கக் கூடாது, அத்தான் உட்பட."

கடைசி இரண்டு வார்த்தை தேவையா?

4

மூன்றாவது வரைவில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். முதல் நாளே எண்ணெய். பிறகு சோதனை: கருவியை நிறுத்திவிட்டு, தானாக மூச்சு வருகிறதா என்று மருத்துவர்கள் மெக்கானிக்கின் மார்பையே பார்த்து நின்றார்கள். வரவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். வரவில்லை. 'மனைவி பேனாவை

அவள் ஒவ்வொரு படிக்கும் சரி போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் என் அட்டையை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை எழுதி ஒருத்தியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேனே!

"ஒரே ஒரு திருத்தம். மெக்கானிக்கை எழுப்பி உட்கார வைங்க. கட்டில்ல பொண்டாட்டியைப் படுக்க வைங்க."

கைப்பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து வைத்தாள். அதில் அவள் பெயர்.

"இப்ப நீங்க போடுங்க."

5

'மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்தார். அது

'மருத்துவர்கள் கருவியை நிறுத்தினார்கள். அவர் அவள் மார்பையே பார்த்தார். மூச்சு வ

படிகள் எல்லாம் எனக்குத் தெரியும், நானே எழுதியவை. மச்சான் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'வரவில்லை' என்ற ஒரு வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறது கை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். "அவசரமில்லைங்க," என்கிறாள், தலையைத் தூக்காமல்.

வாசகரே, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கட்டிலில் என் வீட்டுக்காரியைப் படுக்க வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இந்த நேரம் பக்கத்து அறையில் யார் இருக்கிறாரோ, அவரைப் படுக்க வையுங்கள். எழுதி முடித்துவிட்டு வந்து என்னைக் கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.