பக்கவாட்டுச் சன்னல்

...நான் இங்கே இல்லையென்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாரே அந்தப் புகைப்படக்காரர், இஸ்திரிப்பெட்டியை மேசைவிரிப்பின் ஓரத்தில் அழுத்தியபடி லுவெல்லா நினைத்தாள், நியூயார்க்கிலிருந்து அலபாமாவுக்கு வந்தவர், அவரும் கறுப்பர்தான், “நீங்க பாட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்குங்கக்கா” என்று சந்தில் ஒதுங்கி நின்றார், ஆள் இருக்கும்போதே இல்லையென்று நினைப்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன, ஆனால் அது வெள்ளைக்காரர்களின் வித்தையல்லவா, தனக்கு எங்கே வரும்... கடையின் முன்வாசல் அவர்களுக்கு, சந்துப் பக்கத்துச் சின்னச் சன்னலுக்கு மேலே ‘கறுப்பர்களுக்கு’ என்று பலகை, அம்மா தனக்கு வாங்கித் தந்ததும் அதே சன்னலில்தான், இப்போது தன் மகள் ஜெனிவாவுக்கும் அதே சன்னல், பலகைக்கு மட்டும் வருடா வருடம் புது வர்ணம்.

“இது நீதானே லுவெல்லா?” எசமானி மிஸஸ் ப்ரூயிட் அந்தப் படம் வந்திருந்த பத்திரிகையை இஸ்திரி மேசைமேல் போட்டாள். ஆமாம்மா என்றாள். “சிரிச்சுக்கிட்டுதானே நிக்கிற? நாங்க என்னமோ கொடுமை பண்ற மாதிரி எழுதியிருக்கான். இந்த வீட்ல உனக்கு என்ன குறை வெச்சோம், சொல்லு.” குறையா... அவள் கை பிசைந்த மாவு இந்த வீட்டார் வயிற்றுக்குள் போகலாம், அவள் வாய் வைத்த கோப்பை மட்டும் அலமாரிக்குள் போகக் கூடாது, அது கொல்லைப்படியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும், இதைக் குறை என்று சொன்னால் இவளுக்குப் புரியுமா, புரிந்தால்தான் தாங்குமா... “கடைக்காரர் ஐயாவோட சேக்காளி. நாளைக்கு நம்மூர் பேப்பர்க்காரன் வருவான். காசு குடுத்து நிக்க வெச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, அதோட போச்சு.” ஒரு வார்த்தைதான், சொன்னால் இந்த வேலை மிஞ்சும், வாடகை, ஜெனிவாவின் செருப்பு எல்லாம் மிஞ்சும், சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. “யாரும் காசு குடுக்கலைம்மா. ஐஸ்கிரீமுக்கு நான்தான் குடுத்தேன்.”

மிஸஸ் ப்ரூயிட்டின் கழுத்து சிவந்தது. “அப்ப இந்தத் துணியோட உன் வேலையும் முடிஞ்சதுன்னு வெச்சுக்க.” செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. பயம் வரட்டும் என்று லுவெல்லா காத்திருந்தாள், வரவில்லை, விரிப்பை நாலாக மடித்தாள், இதை எதற்கு இன்னும் ஒழுங்காக மடிக்கிறேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது, பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். சிரிக்கத்தான் செய்கிறாள், சன்னலுக்குள் இருக்கிற வெள்ளைக்காரனைப் பார்த்து, உதடு மட்டும் விரிகிற சிரிப்பு, கண்ணில் ஒன்றுமில்லை, அதுகூடப் பரவாயில்லை, அது தெரிந்த சிரிப்புதான், ஆனால் ஜெனிவா... ஆறு வயதுப் பிள்ளை ஐஸ்கிரீமைப் பார்க்கவில்லை, அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்துப் பார்த்துத் தன் சின்ன உதட்டையும் அதே மாதிரி விரித்து வைத்திருக்கிறாள், கண்ணில் ஒன்றுமில்லாமல்... வீட்டில் ஒருநாளும் அவளிடம் இப்படிச் சிரித்ததில்லையே, எப்போது கற்றாள், இன்னும் என்னவெல்லாம் கற்றிருக்கிறாள், வேலை போயிற்று என்று இன்றைக்கு அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது...