நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பிழை

1

இந்தக் கதை நான்கு வரி இரங்கல் செய்தியில் பிறந்தது. கிளீவ்லாந்தில் லோர்னா பெட்ராசெக் காலமானார்; 'சர்ச்சைக்குரிய எழுத்தாளர்' என்று போட்டிருந்தார்கள். கணினிக்குள் எப்படிப் புகுவது என்று சாமானியர்களுக்குப் புத்தகம் எழுதியவர். போலீசுக்கு அவர் திருடர்களை வளர்ப்பவர், ஹேக்கர்களுக்கோ வெறும் அரைகுறை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 1997 அக்டோபர், மழை கொட்டிய ஒரு

(வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது.)

2

லோர்னாவின் சமையலறை. மேசையில் இரண்டாம் பதிப்பின் மெய்ப்புத் தாள்கள். எதிரே புலனாய்வு அதிகாரி டேரல் ஹோக். (நான் அங்கே இல்லை. லோர்னா ஒரு பேட்டியில் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு.)

முந்தைய மாதம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் இணையதளத்தை யாரோ உடைத்து, முகப்பில் 'குருவம்மா லோர்னாவுக்கு நன்றி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். உடைத்த இடத்தில் கூட்டாளிகளுக்கு நன்றி சொல்வது ஹேக்கர்களின் வழக்கம். பிடிக்காதவர்களுக்கும் நக்கலாகச் சொல்வார்கள். அது ஹோக்குக்குத் தெரியவில்லை.

"பேர் சொல்லி நன்றி சொல்லியிருக்கான். உங்க ஆளுதானே மேடம்?"

"அட போங்க சார். என்னை இவனுங்க எவன் மதிக்கிறான்? கிண்டல் பண்ணியிருக்கானுங்க."

ஹோக் ஒரு தாளை நகர்த்தினார். உடைத்தவன் தட்டிய கட்டளைகள். முதலில் ஒரு தப்பான கட்டளை, அடுத்து அதுவே சரியாக.

லோர்னா அந்தத் தப்பான வரியை இன்னொரு முறை படித்தார். அந்தத் தப்பு அவருடையது. முதல் பதிப்பின் நாற்பத்தொன்றாம் பக்கம். வீட்டிலேயே தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து இருநூறு பிரதிகள் விற்றிருந்தார். அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதியது ஒரே ஒரு வாசகன்தான்: 'போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.' தளம் உடைந்த மூன்றாம் நாள் வந்த அந்தக் கடிதம், முகவரியோடு, இழுப்பறையில் இருந்தது.

"ஒரு பேரு குடுங்க, கிளம்பிடறேன். இல்லேன்னா நாளைக்குக் காலைல உங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிடுவோம்."

லோர்னா ஆறிப்போன காபியை

3

(அ) இழுப்பறையைத் திறந்தார். இதைத்தான் முதலில் எழுதினேன். தன்னை ஊர்சிரிக்க வைத்தவனுக்காக அவர் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

(ஆ) "ஒண்ணும் புரியல சார். நான் அரைகுறைன்னு ஊரே சொல்லுதே, நீங்க கேள்விப்படலையா?"

(இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

4

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் கணினியை எடுத்துப் போனார்கள்; திரும்பி வரப் பதினோரு மாதம் ஆயிற்று. வசந்தத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அதே பிழை. மூன்றாம் பதிப்பிலும் அதே. திருத்தியிருந்தால், உடைத்தவன் தட்டிய தப்பு முதல் பதிப்பிலிருந்து வந்தது என்று போலீசுக்குப் புரிந்து, பழைய பிரதி வைத்திருந்த இருநூறு பேர் மேல் கண் போயிருக்கும். 'இது கூடத் தெரியாதா இந்தக் கிழவிக்கு' என்று ஹேக்கர்கள் கடைசி வரை அந்தப் பக்கத்தைக் காட்டியே சிரித்தார்கள்.

அச்சகத்தின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். அப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டேன், அது வசதியாக இருந்தது.

ஹோக் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு லோர்னா அந்த வாசகனுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: 'நன்றி. மெய்ப்பில் திருத்திவிட்டேன்.' அது இப்போது என் மேசையில் இருக்கிறது. முகவரியில் இருப்பது என் பெயர்.

இன்றுவரை என் கதவை யாரும் தட்டவில்லை. (அ)வா (ஆ)வா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவரிடம் கேட்க இருபத்தைந்து வருடம் இருந்தது, நான் கேட்கவில்லை.