டிரம்முக்கு அந்தப் பக்கம்

ரோட்டைப் பிரித்துவிட்டால் மொபெட் வாங்கித் தருகிறேன் என்று நான் மகளிடம் சொன்னது, வாங்கித் தர மாட்டேன் என்பதற்குப் பதிலாகத்தான். இரண்டாயிரத்து மூன்றில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியையும் மொபெட்டையும் பிரிக்கிறவன் பிறந்திருக்கிறானா என்ன?

பதினெட்டு வருஷமாக ஜல்லி லாரி ஓட்டுகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் குவாரியில் லோடு ஏற்றி, நாவலூரில் எழும்புகிற கம்பெனிக் கட்டடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவேன். மகள் அனுவுக்குப் பொத்தேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. காலை எட்டு மணிக்கு அவள்தான் கதவைத் திறக்க வேண்டும். எங்கள் சிங்கபெருமாள்கோவிலுக்கு வரும்போதே பஸ்ஸில் படிவரை ஆள் தொங்கும். பாதி நாள் நிற்காமலே போய்விடும். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஓனர் சொல்லிவிட்டார்.

"லாரி ஓட்டிகினு லாரியப் பாத்தே பயப்பட்றியே, வெக்கமா இல்ல உனுக்கு?" என்றாள் என் மனைவி காசியம்மாள்.

"ஓட்றதாலதாண்டி பயப்பட்றேன்."

அந்த ஆடி மாசம் போக்குவரத்து எஸ்.ஐ. ராஜாராம் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். சிங்கபெருமாள்கோவிலிலிருந்து பொத்தேரிவரை ரோட்டில் தார் டிரம்களை வரிசையாக வைத்து, கார் வலப்பக்கம், லாரி இடப்பக்கம் என்று பிரித்தார். பத்து நாள் சோதனை. சரிப்பட்டால் நிரந்தரம், இல்லையென்றால் டிரம்களைத் தூக்கிவிடுவார்கள்.

"நைனா, ஒம்பது நாளு கீது," என்று அனு மறுநாளே கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கோ முதல் நாளே தெரிந்துவிட்டது, இது உருப்படாது என்று. லாரிக்காரன் திமிரில் வலப்பக்கம் ஓட்டுகிறான் என்று கார்க்காரர்கள் திட்டுவார்கள். திமிர் கொஞ்சம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ் நிற்பது, சைக்கிள் எதிரே வருவது, மொபெட் போவது எல்லாம் இட ஓரத்தில். அந்தக் கும்பலை விட்டு விலகத்தான் நாங்கள் வலப்பக்கம் ஏறுவது. இப்போது கார்க்காரர் நிம்மதியாகப் போனார். எங்களையும் மொபெட்டையும் ஒரே கொட்டடியில் அடைத்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சோதனை தோற்றால் என் வாக்கும் அதோடு போச்சு. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் மறைமலைநகரில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அதற்கும் எனக்கும் நடுவில் ஸ்கூட்டியில் ஒரு பெண் நுழைந்தாள். நுழைந்தவள் எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. பிரேக்கின்மேல் ஏறி நின்றேன். லோடு முழுதும் முன்னால் வந்து முட்டியது. அவள் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. பிறகு பம்பருக்குக் கீழேயிருந்து அவளுடைய மஞ்சள் துப்பட்டா வெளியே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

என் பெண்ணை மொபெட்டில் ஏற்றாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊரான் பெண்ணைச் சக்கரத்தில் விடப் பார்த்தேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரம் வரிசையருகே நின்ற ராஜாராமிடம் நேரே போனேன்.

"சார், அஞ்சு நிமிசம் என் வண்டில ஏறி ஒக்காருங்க."

என்ன நினைத்தாரோ, ஏறினார். அவரோடு வந்த போலீஸ்காரரை பைக்கை என் இடது முன்சக்கரத்தருகே நிறுத்தச் சொன்னேன்.

"உங்க ஆளு தெரியறாரா சார்?"

"எங்கய்யா போனான்?"

"உங்க காலுக்குக் கீழதான் கீறாரு."

எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "இன்னாய்யா பண்ணலாம்? நீயே சொல்லு."

"காரு அது பாட்டுக்கு வலப்பக்கம் போவட்டும். ஓரத்து மண்ண மட்டம் பண்ணி டூவீலருக்கு வுட்டுட்டு, எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இன்னொரு வரிசை டிரம் வைங்க."

"மட்டம் பண்ண ஆர்டர் வர்றதுக்குள்ள பத்து நாளு ஓடிடும்யா."

"நாங்க இன்னாத்துக்கு கீறோம்? ஆளுக்கு ஒரு லோடு குவாரித் தூளு கொட்றோம் சார்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு லாரிகள் வந்தன. போலீசுக்கு வேலை செய்கிறாயா என்று என்னைத் திட்டிக்கொண்டே கொட்டினார்கள். சோதனை பத்து நாளில் முடியவில்லை; ஒரு மாசமாக நீண்டு, கடைசியில் இரண்டு வரிசை டிரம்களும் அங்கேயே தங்கிவிட்டன. சொன்ன சொல்லை மீற எனக்கு வழியே இல்லை.

அனு மொபெட்டில் கிளம்பிய முதல் நாள், லோடோடு பின்னாலேயே போனேன். தற்செயலாகப் போனதாகக் காசியம்மாளிடம் சொல்லிக்கொள்ளலாம். பொத்தேரிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வண்டி நின்றுவிட்டது; நானும் நிறுத்தினேன். இறங்கி ஓடலாம் என்று பார்த்தால், எனக்குப் பின்னால் ஏழெட்டு லாரி. எனக்கும் அவளுக்கும் நடுவில் நானே வைக்கச் சொன்ன டிரம். ஹாரன் அடித்தால் பயந்துவிடுவாளோ என்று கையை எடுத்துவிட்டேன்.

அவள் பதறவில்லை. ஸ்டாண்டு போட்டு நாலு மிதி மிதித்தாள். ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. அவளைத் தாண்டி இரண்டு சைக்கிளும் ஒரு பால்காரரும் சாவகாசமாகப் போனார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. நான் அங்கே நிற்பது தெரியாமலே அனு கிளம்பிப் போனாள்.

எட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.